ஆட்டுப்பால் சீஸும் நம் கடை ஃப்ரிட்ஜும்



தலைப்பைப் பார்த்ததும், "மளிகைக் கடைக்காரனுக்கும் ஆட்டுப்பால் சீஸுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். ஒன்றரை வருடத்துக்கு முன்பு நானும் அப்படித்தான் கேட்டேன். அப்படிக் கேட்டதால் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மேற்குத் தாம்பரத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தி வருகிறேன். துவரம் பருப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை மாதம் மூட்டையில் கிடந்தது என்று சொல்லி விடுவேன். சேலையூரில் இருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பல வருடங்களாக மாதச் சாமான் வாங்குகிறார். ஒரு நாள் அவர் வந்து, "அண்ணாச்சி, ஆட்டுப்பால் சீஸ் கிடைக்குமா? பொண்ணு வெளிநாட்டுல இருந்து வர்றா. ஆசையா கேக்குறா" என்றார். நான் சிரித்து விட்டேன். "டீச்சர், ஆட்டுக்கறி வேணும்னா பக்கத்துத் தெருவுல சொல்றேன்" என்றேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டினார். நான் அவருடைய பட்டியலைப் போட்டு முடிப்பதற்குள், அவர் வீட்டு வாசலுக்கு ஆள் வந்து விட்டதாகச் செய்தி வந்தது. அன்றைக்கு சீஸோடு சேர்த்து நெய்யும் முந்திரியும் அங்கேயே வாங்கி விட்டார். என் பட்டியலில் அந்த இரண்டும் இல்லை.

போனது சீஸ் வியாபாரம் மட்டும் அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. வாடிக்கையாளர் ஒரு பொருளைத் தேடி வேறு வாசலை மிதித்தால், மற்ற பொருள்களும் அவர் பின்னாலேயே போய் விடும்.

இது என்ன சரக்கு?

நமக்குப் பால் திரிந்தால் மனம் சுருங்கும். காலையில் பால் திரிந்து போனால் அன்றைய சகுனமே சரியில்லை என்பார்கள் வீட்டில். தயிர், மோர், வெண்ணெய், நெய், திரட்டுப்பால் என்று பாலில் எத்தனையோ செய்யத் தெரிந்த நமக்கு, பாலைத் திரியவைத்துப் பக்குவப்படுத்தும் பழக்கம் மட்டும் இல்லை. அதனால்தான் பாலாடைக்கட்டி என்ற சொல் பாடப் புத்தகத்தோடு நின்று விட்டது. கடையில் எல்லாருக்கும் அது சீஸ்தான்.

பனீர் செய்யச் சூடான பாலில் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பை ஊற்றித் திரிய வைப்பார்கள். ஆட்டுப்பால் மென்சீஸ் செய்யும் முறை வேறு. பாலை 63 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கி, ஆறவிட்டு, உறை போடுவது போல நல்ல பாக்டீரியாவைச் சேர்ப்பார்கள். ரென்னட் என்ற உறைபொருள் சில சொட்டு விடுவார்கள். ஓர் இரவு முழுக்க அசைக்காமல் வைத்திருந்து, மறுநாள் துணியில் கட்டித் தொங்க விடுவார்கள். தண்ணீர் வடிந்த பிறகு உப்புச் சேர்த்து, உருட்டி அல்லது டப்பாவில் அடைத்து விற்பனைக்கு வரும். கட்டித் தயிரைத் துணியில் தொங்கவிட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை உடனே பிடிபடும்.

நிறம் தூய வெள்ளை. பசும்பாலுக்கு இளமஞ்சள் நிறம் தரும் கரோட்டினை ஆடு தன் உடலிலேயே வைட்டமின் 'ஏ'யாக மாற்றி விடுகிறது. அதனால்தான் ஆட்டுப்பாலில் மஞ்சள் இல்லை. வாசனைக்குக் காரணம் கேப்ரோயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்ற மூன்று கொழுப்பு அமிலங்கள். லத்தீன் மொழியில் ஆட்டைக் குறிக்கும் சொல்லில் இருந்துதான் இந்தப் பெயர்களே வந்தன. சுத்தமாகக் கறந்து உடனே குளிர வைத்த பாலில் இந்த வாசனை இதமாக இருக்கும். கொட்டில் சுத்தமில்லாமல் இருந்தாலோ, கிடா அருகிலேயே கட்டப்பட்டிருந்தாலோ மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஏன் இந்த விலை?

"இத்துனூண்டு டப்பாவுக்கு இவ்வளவு ரூபாயா?" என்று வாடிக்கையாளர் கேட்பார். நமக்கே பதில் தெரியாவிட்டால் அவருக்கு என்ன சொல்வது?

ஒரு கிலோ மென்சீஸுக்குச் சுமார் 6, 7 லிட்டர் ஆட்டுப்பால் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் பாலுக்கு மட்டுமே 600, 700 ரூபாய் ஆகிறது. அதற்கு மேல் கூலி, குளிர்சாதனம், டப்பா, போக்குவரத்து, கழிவு எல்லாம் இருக்கின்றன. பாலும் லேசில் கிடைப்பதில்லை. தென்மாவட்டத்துக் கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு எல்லாம் பெரும்பாலும் கறிக்காகவே வளர்க்கப்படுபவை. குட்டி குடித்தது போக மிஞ்சும் பால் கொஞ்சம்தான். பாலுக்குப் பெயர்போன ஜமுனாபாரி, பீட்டல் எல்லாம் வடக்கத்தி இனங்கள். மலபாரைச் சேர்ந்த தலைச்சேரி ஆடு நமக்கு ஓரளவு ஒத்துவரும். ஆக, கையால் செய்த ஆட்டுப்பால் சீஸ் மிக மலிவாகக் கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்பட வேண்டும்.

நம் பக்கத்திலேயே நடக்கிறது

இதெல்லாம் வெள்ளைக்காரர் தின்பண்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. கொடைக்கானல் சீஸை நம்மில் பலர் சுற்றுலா போனபோது வாங்கி வந்திருக்கிறோம். 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில் பண்ணை சீஸ் பல காலமாகத் தயாராகி வருகிறது. 'கயாமத் சே கயாமத் தக்' என்ற இந்திப் படத்தை இயக்கிய மன்சூர் கான் சினிமாவை விட்டு விட்டு வந்து குன்னூரில் பண்ணை அமைத்துச் சீஸ் செய்தார். சென்னையிலேயே நம்ரதா சுந்தரேசன், அனுராதா கிருஷ்ணமூர்த்தி என்ற இரு பெண்கள் 2016-இல் 'கேசே' என்ற பெயரில் கைச்சீஸ் தொழிலைத் தொடங்கினார்கள். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சீஸ் என்றே பொருள். செவித்திறன் குறைந்த பெண்களுக்குப் பயிற்சி தந்து அவர்களைக் கொண்டே சீஸ் செய்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். மும்பையைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனத்தின் பழுப்புச் சீஸ் 2021-இல் உலகச் சீஸ் போட்டியில் வெள்ளிப் பரிசு வாங்கியது. பெரிய ஆலை, பெரிய முதல் இல்லாமல் நம் நாட்டில் இது முடியும் என்பதற்கு இவை போதும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். பிரான்சில் லுவார் நதிப் பகுதியில் 'சான்த் மோர் தெ தூரேன்' என்று ஓர் ஆட்டுப்பால் சீஸ் உண்டு. உருளையாக, மேலே சாம்பல் பூசியது போல இருக்கும். அதன் நடுவில் ஒரு வைக்கோல் தாள் செருகியிருப்பார்கள். மென்மையான சீஸ் உடையாமல் இருக்க அது உதவும். ஆனால் அந்தத் தாளின் மேலேயே செய்தவரின் அடையாளம் பொறிக்கப்பட்டிருக்கும்! சீஸைத் தின்று முடித்தாலும் யார் செய்தது என்பது கையில் நிற்கும். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். ஊர்ப் பெயருக்கும் ஆள் பெயருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. நம் கடைப் பலகையில் இருக்கும் பெயருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. இதை நான் கற்றுக்கொண்ட விதம்தான் கசப்பானது.

நான் பட்ட பாடு

டீச்சர் விஷயத்துக்குப் பிறகு ரோஷம் வந்து, ஒரு விநியோகஸ்தரிடம் ஆட்டுப்பால் சீஸ் பத்து டப்பா வாங்கினேன். கொள்முதல் 3,200 ரூபாய். அவர் ஐஸ் பெட்டி இல்லாமல் இருசக்கர வண்டியில் கொண்டுவந்து கொடுத்தார். நான் கேட்கவில்லை. தயாரித்த தேதியைப் பார்த்தேன், மீதி நாளை எண்ணவில்லை. வாங்கிப் பால் பாக்கெட்டுகளோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

இனி சொல்வது நமக்குள் இருக்கட்டும் என்று சொல்ல முடியாது, அச்சில் வருகிறது. இருந்தாலும் சொல்கிறேன். இரவு பத்து மணிக்குக் கடையை அடைக்கும்போது ஃப்ரிட்ஜ் சுவிட்சையும் அணைத்து விடுவது என் பழக்கம். காலை ஆறு மணிக்கு வந்து போடுவேன். கரண்ட் பில் மிச்சம் என்று கணக்கு. குளிர்பானத்துக்கு அதனால் ஒன்றும் ஆகி விடவில்லை. இதைப் படிக்கும் நண்பர்களில் எத்தனை பேர் மனதுக்குள் தலையாட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

டீச்சரிடம் பெருமையாகச் சொல்லி இரண்டு டப்பா கொடுத்தேன். மறுநாள் இரண்டையும் திருப்பிக் கொண்டு வந்தார். ஒன்று உப்பியிருந்தது. மற்றதைத் திறந்து பார்த்தால் புளித்த வாடை, மேலே நீர் கோத்திருந்தது. அவர் கோபப்படவில்லை. பணத்தைக்கூடக் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணாச்சி, ராத்திரி ஃப்ரிட்ஜை அணைச்சிடுவீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. "பொண்ணு மாசமா இருக்கா. நல்ல வேளை, நான் முதல்ல மோந்து பாத்தேன்" என்று சொல்லி விட்டுப் போனார்.

மீதி எட்டு டப்பாவையும் கொட்டினேன். 3,200 ரூபாய் போனது பெரிதில்லை. அடுத்த நான்கு மாதம் அந்த வீட்டு மாதச் சாமான் பட்டியல் வரவில்லை. அப்படியானால் இத்தனை வருடம் என்னிடம் வாங்கிய பாலையும் தயிரையும் அவர் எப்படி நினைத்துப் பார்த்திருப்பார்? ஒரு டப்பா சீஸ் என் கடை முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கி விட்டது. சந்தேகம் நியாயமானதுதான் என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

வைப்பது எப்படி?

அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

மென்சீஸ் 4 டிகிரியை ஒட்டிய குளிரில் இருக்க வேண்டும், இரவும் பகலும். ஃப்ரிட்ஜ் கதவில் வைக்கக் கூடாது. திறந்து மூடும்போது சூடு ஏறும். உள்ளே அடித்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் போட்டால் கெடாது என்று எண்ண வேண்டாம். உருகிய பிறகு மணல் போல உதிரும். மீன், கருவாடு, வெங்காயம் பக்கத்தில் கூடாது. பால் பொருள் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய்க்கு ஒரு ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்கித் தொங்க விடுங்கள். நான் வாங்கியிருக்கிறேன். வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்திலேயே தொங்குகிறது.

மின்வெட்டு நம் பகுதிக்குப் புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்துக் கடைக்காரர்கள் பட்டது நமக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சரக்கை இருப்பு வைக்கவே வேண்டாம். ஆர்டர் வந்தால் மட்டும் வரவழையுங்கள்.

பரிமாறுவது எப்படி?

இதைத் தெரிந்துகொள்ளாமல் விற்கக் கூடாது என்பது என் கட்சி. நெய்யை முகர்ந்து பார்த்து விற்கிற நாம், சீஸை மட்டும் ருசி பார்க்காமல் விற்பது என்ன நியாயம்?

ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த உடனே தின்றால் சுண்ணாம்பு போல இருக்கும், ருசி தெரியாது. குளிர்ந்த நாட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பார்கள். நம் ஊர் வெயிலுக்குக் கால் மணி நேரம், இருபது நிமிடம் போதும். கத்தியால் வெட்டினால் ஒட்டும், நொறுங்கும். அவித்த முட்டையை அறுப்பது போல நூலால் அறுத்தால் வில்லை வில்லையாக வரும். தேவையான அளவை மட்டும் வெளியே எடுங்கள். சித்திரை, வைகாசியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்ததைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது.

எதனோடு சாப்பிடுவது? வெளிநாட்டில் ரொட்டி, தேன், அத்திப்பழம் என்பார்கள். நம் கடையிலேயே அதற்குத் தோதான சரக்கு கொட்டிக் கிடக்கிறது. மேலே தேன் விட்டு நான்கு மிளகை நுணுக்கித் தூவுங்கள். கருப்பட்டிப் பாகு அதைவிட எடுப்பாக இருக்கும் என்பது என் அனுபவம். பாகின் புகை வாசனையும் சீஸின் புளிப்பும் நன்றாகச் சேர்கின்றன. பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்து விட்டு உள்ளே வைக்கலாம். வேகவைத்த பீட்ரூட், பழுத்த கொய்யா இரண்டுக்கும் பொருந்தும். கேழ்வரகு அடை சூடாக இருக்கும்போது மேலே தடவி, இட்லிப் பொடி தூவிக் கொடுத்ததை என் பேரன் மூன்று முறை கேட்டு வாங்கித் தின்றான். என் மனைவி மட்டும் ஒரு வாய் வைத்து விட்டு, "ஆட்டு வாடை எனக்கு ஒத்துக்காது" என்று தட்டைத் தள்ளி விட்டாள். அதுவும் உண்மைதான். எல்லாருக்கும் பிடிக்காது என்பதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லி விடுவது நல்லது.

பீட்சா மேல் இழுபடும் சீஸ் போல இது இழுபடாது. சூட்டில் இளகுமே தவிர நூலாக வராது. இதைச் சொல்லாமல் கொடுத்தால் மறுநாள் சண்டைக்கு வருவார்கள்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: சீஸில் கிடைக்கும் லாபத்தைவிட, அதோடு போகும் தேன், கருப்பட்டி, மிளகு, பேரீச்சை, முந்திரியில் கிடைக்கும் லாபம் நிச்சயமானது. அவை எளிதில் கெட்டுப் போவதுமில்லை.

சொல்லக் கூடியதும் கூடாததும்

சைவ வாடிக்கையாளர்கள் முதலில் கேட்பது, "இதில் கன்றுக்குட்டிக் குடல் சத்து சேர்ப்பார்களாமே?" என்பது. பழைய முறையில் ரென்னட் கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்துதான் வந்தது. ஆனால் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, விலங்கில் இருந்து எடுக்காத ரென்னட் அல்லது வேறு தகுந்த உறைபொருளைத்தான் சீஸுக்குப் பயன்படுத்த வேண்டும். பச்சைப் புள்ளியைக் காட்டித் தைரியமாகச் சொல்லலாம்.

ஆட்டுப்பால் சீஸ் ஆஸ்துமாவைத் தீர்க்கும், சர்க்கரையைக் குறைக்கும் என்று மருந்துக் கடை போலப் பேச வேண்டாம். பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது முழுக்கப் பாதுகாப்பு என்பதும் தவறு. ஆட்டுப்பாலிலும் அந்தச் சர்க்கரை உண்டு. பசும்பால் ஒவ்வாமை உள்ள பலருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. கர்ப்பிணிகள் கேட்டால், கிருமி நீக்கிய பாலில் செய்தது என்று லேபிளில் இருந்தாலும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கிருமி நீக்காத பாலில் செய்த எதையும் கடைக்குள் விடாதீர்கள். ஆட்டுப்பால் மூலம் புருசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் மனிதருக்கு வரும். உரிம எண், தேதி, பொருள் பட்டியல் மூன்றும் இல்லாத டப்பாவை, தெரிந்தவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தாவர எண்ணெய் கலந்த போலிச் சீஸைச் சீஸ் என்ற பெயரில் விற்பது சட்டப்படி குற்றம்.

வரி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் சீஸ் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலையிலேயே சரக்கு வந்தால் விநியோகஸ்தரிடம் கேளுங்கள்.

எல்லாரும் விற்க வேண்டுமா?

வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "நம்ம ஏரியாவுல யார் வாங்குவா?" என்று கேட்கும் நண்பர்கள் சொல்வது பாதி உண்மை. ஒரு கடைக்கு மாதம் ஐந்து, ஆறு டப்பா போனால் அதிகம். ஆனால் சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள் தனித்தனியே கைப்பேசியில் வாங்குவதைக் கூட்டிப் பார்த்தால் அது ஐந்து, ஆறு டப்பா அல்ல.

எனவே என் யோசனை இதுதான். ஒரு பகுதியில் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே ஆர்டர் போடட்டும். நல்ல ஃப்ரிட்ஜ் உள்ள ஒரு கடையில் இருப்பு வைத்து, மற்றவர்கள் வாரம் ஒரு நாள் ஆர்டர் எடுத்துக் கொடுக்கட்டும். குளிர்ப் பெட்டியில் கொண்டு வந்தால்தான் எடுப்போம், தேதி முடியும் முன் விற்காததைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று சேர்ந்து கேட்டால் விநியோகஸ்தர் மறுக்க முடியாது. தனியாகக் கேட்டபோது என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்குள்ளவர்களை அழைத்து, குளிர்ப்பதனப் பொருள்களைக் கையாள்வது பற்றி ஒரு நாள் வகுப்பு வைக்கலாம். சீஸ் விற்காதவர்களுக்கும் பால், தயிர், பனீர், இட்லி மாவு விற்கும் எல்லாருக்கும் அது பயன்படும்.

ஏனென்றால் விலையில் பெரிய கம்பெனிகளோடு நாம் போட்டி போட முடியாது. பத்து நிமிடத்தில் அவர்கள் கொண்டு போய்க் கொடுப்பார்கள். ஆனால் "இது நல்லா இருக்குமா?" என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. நம் கடையில் ஆள் இருக்கிறார். அந்த ஆள் ருசி பார்த்தவராக, தெரிந்தவராக, தெரியாததைத் தெரியாது என்று சொல்பவராக இருக்க வேண்டும். இரவில் ஃப்ரிட்ஜை அணைக்காதவராகவும் இருக்க வேண்டும்.

என் கடை ஃப்ரிட்ஜ் இப்போது இரவிலும் ஓடுகிறது. கரண்ட் பில் கூடித்தான் இருக்கிறது. தை பிறந்ததும் டீச்சர் மாதச் சாமான் பட்டியலோடு வந்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பாலும் தயிரும் வாங்கினார். சீஸ் இன்னும் என்னிடம் கேட்கவில்லை. கேட்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.